பறந்து வருகிறவன் யாரைக் காப்பாற்றுகிறான்?



மில்லில் இரவு ஷிப்டு முடிந்து டீக்கடையில் வந்து உட்காரும் வாலிபர்களின் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். பஞ்சப்படியில் ஆரம்பிக்கும் பேச்சு, இரண்டு வாய் டீ உள்ளே போவதற்குள் சினிமாவுக்குத் தாவிவிடுகிறது. அதுவும் எந்தச் சினிமா? அமெரிக்காவில் எடுத்து, தமிழில் குரல் சேர்த்து, இங்கே கொண்டுவந்து இறக்கப்படும் சூப்பர் ஹீரோ படங்கள். வௌவால் உடை போட்ட பேட்மேன், இரும்புச் சட்டை மாட்டிய அயர்ன்மேன், ஆகாயத்தில் பறக்கும் சூப்பர்மேன். இவர்களோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும் திகில் படங்கள். அறுவடை முடிந்து களத்து மேட்டில் படுத்திருக்கும் விவசாயத் தொழிலாளியின் மகனும் கைபேசியில் இதையேதான் பார்க்கிறான்.

இந்தப் படங்களைப் பற்றி நம் தோழர்களிடையே இரண்டு வாதங்கள் நடமாடுகின்றன. இரண்டும் தப்பு என்பது நம் கருத்து.

"இதெல்லாம் ஏகாதிபத்தியக் குப்பை. தொழிலாளி இதைப் பார்க்கவே கூடாது" என்கிறார் ஒரு தோழர். பன்னிரண்டு மணி நேரம் நூற்பு மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறவனிடம் போய் இதைச் சொன்னால், அவன் படத்தை விடமாட்டான், தோழரைத்தான் விட்டுவிடுவான். மேலும், எந்தப் படத்தையும் பார்க்காமலே அதைக் குப்பை என்று சொல்வது மார்க்ஸியம் அல்ல, சோம்பேறித்தனம்.

"சினிமா சினிமாதானே! பொழுதுபோக்கில் போய் வர்க்கத்தைத் தேடுவானேன்?" என்கிறார் இன்னொரு தோழர். 2009ம் ஆண்டில் டிஸ்னி கம்பெனி, மார்வெல் என்னும் சூப்பர் ஹீரோ கம்பெனியை விலைக்கு வாங்கியது. விலை சுமார் 400 கோடி டாலர். 2019ல் அந்தக் கம்பெனியின் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' என்ற ஒரே படம் உலகம் முழுவதும் வசூலித்த டிக்கெட் பணம் சுமார் 280 கோடி டாலர். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் வர்க்கம் இல்லை என்று நம்புகிறவர், முதலாளியின் கல்லாப் பெட்டியில் பணம் தானாகக் குட்டி போடுகிறது என்றும் நம்பக்கூடியவர்.

ஆகவே பார்ப்போம். பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்போம். ஜனங்களின் கஷ்டத்துக்குக் காரணம் யார் என்று படம் காட்டுகிறது? அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பது யார்? கடைசியில் விளக்குப் போட்டு நாம் எழுந்து வெளியே வரும்போது, சொத்தும் அதிகாரமும் யார் கையில் இருக்கின்றன? இந்த மூன்று கேள்விகளைத் தராசாகப் பிடித்தால், எது நெல், எது பதர் என்று தெரிந்துவிடும்.

130 டாலருக்குப் போன வீரன்

முதலில் இந்த வீரனின் ஜாதகத்தைப் பார்ப்போம்.

சூப்பர்மேனைப் படைத்தவர்கள் அமெரிக்காவில் க்ளீவ்லண்ட் நகரத்தைச் சேர்ந்த இரண்டு ஏழை வாலிபர்கள். ஜெர்ரி சீகல் கதை எழுதினார். ஜோ ஷூஸ்டர் படம் வரைந்தார். இருவரும் குடியேறி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பொருளாதார நெருக்கடியில் அமெரிக்கத் தொழிலாளி ரொட்டிக்காக வரிசையில் நின்ற காலத்தில் வளர்ந்தவர்கள். 1938ல் அவர்களது சித்திரக்கதை பத்திரிகையில் வெளிவந்தது.

அந்த ஆரம்ப நாளின் சூப்பர்மேன் யாரோடு சண்டை போட்டான் தெரியுமா? அந்த ஆண்டு ஆகஸ்ட் இதழில் வந்த கதை ஒரு சுரங்கத்தைப் பற்றியது. சுரங்கம் சரிந்து ஒரு தொழிலாளி ஊனமாகிறான். பாதுகாப்புக் கிடையாது என்பது முதலாளிக்குத் தெரியும். ஆனால் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கையை விரித்துவிடுகிறான். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷத்தில் வருகிறான். விருந்து உடையில் குடித்துக் கும்மாளமிடும் முதலாளியையும் அவன் நண்பர்களையும் அதே சுரங்கத்துக்குள் இறக்கி, வழியை அடைத்துவிடுகிறான். பட்டு உடைக்காரர்கள் மண்ணை வாரி வழி தேட வேண்டியதாகிறது. அப்போதுதான் முதலாளிக்குச் சுரங்கம் என்றால் என்னவென்று தெரிகிறது. அடுத்த சில மாதங்களில் வந்த இன்னொரு கதையில், சர்க்கார் நல்ல வீடு கட்டித் தரவேண்டும் என்பதற்காகச் சேரியையே அவன் இடித்துத் தள்ளுகிறான்.

இதை வெறும் குப்பை என்று சொல்ல முடியுமா? முடியாது. 'கவனக்குறைவு' என்னும் வார்த்தை நமக்குப் புதிதல்ல. கார்டிங் மெஷினில் விரல் போனாலும் கவனக்குறைவுதான். கதிரடிக்கும் மெஷினில் கை போனாலும் கவனக்குறைவுதான். அந்தப் பொய்யை ஒரு குழந்தைக் கதை தோலுரித்துக் காட்டியது என்றால், அந்தக் கதைக்கு நாம் மரியாதை செய்ய வேண்டும். ஏழையின் ஆத்திரம்தான் இந்த வீரனைப் பெற்றது. ஜனங்களுக்கு அவன்மேல் ஏற்பட்ட பாசத்துக்கு அதுவே முதல் காரணம்.

ஆனால் பெற்றவர்களுக்கு என்ன கிடைத்தது? சூப்பர்மேனின் சகல உரிமைகளையும் பத்திரிகைக் கம்பெனி வாங்கிக்கொண்டு கொடுத்த தொகை 130 டாலர். ஆம், நூற்று முப்பதே டாலர்! கம்பெனி கோடி கோடியாகக் குவித்தது. 1947ல் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். அதன் பலன், கதையில் அவர்கள் பெயர்கூட இல்லாமல் போயிற்று. ஷூஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சீகல் குமாஸ்தா வேலை பார்த்தார். 1975ல், சூப்பர்மேனைப் பெரும் பொருட்செலவில் படமாக்கக் கம்பெனி தயாராகிக்கொண்டிருந்த சமயத்தில், சீகல் இந்த அநியாயத்தைப் பத்திரிகைகளில் போட்டு உடைத்தார். சித்திரக்காரர்கள் திரண்டு ஆதரித்தார்கள். சந்தி சிரிக்கும் என்ற பயத்தில்தான் ஆளுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் பென்ஷனும், பெயர் போடும் மரியாதையும் கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். இருவர் வயிற்றில் அடித்த அந்தப் பழைய செக் 2012ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர்! உழைத்தவனுக்கு 130, அவனை ஏமாற்றிய காகிதத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். முதலாளித்துவத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகப் பாடம் எழுத யாராலும் முடியாது.

உரிமை கை மாறியதும் வீரனும் மாறினான். சில ஆண்டுகளுக்குள்ளேயே சுரங்க முதலாளியைச் சீண்டும் வேலையைக் கம்பெனி அவனிடமிருந்து எடுத்துவிட்டது. பாங்கிக் கொள்ளையனைப் பிடிப்பதும், விண்ணிலிருந்து வரும் விபரீதங்களோடு மோதுவதும் அவன் தொழிலாயிற்று. பாங்கியே அடிக்கும் கொள்ளையைப் பற்றி அவன் மூச்சு விடுவதில்லை.

ஒரே ஊர், இரண்டு பதில்கள்

இப்போது அந்தச் சுரங்கக் கதையையே மறுபடி தராசில் வைப்போம். அதுதானே இருப்பதற்குள் நல்ல கதை!

முதல் கேள்விக்கு நல்ல பதில்: கஷ்டத்துக்குக் காரணம் முதலாளியின் லாப ஆசை. இரண்டாவது கேள்வி: தீர்த்தது யார்? ஒற்றை ஆள். சுரங்கத்தில் வேலை செய்யும் மற்றத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? ஒன்றுமில்லை. மூன்றாவது கேள்வி: கடைசியில் சுரங்கம் யாருடையது? அதே முதலாளியுடையது. அவன் மனம் திருந்தி, இனிமேல் சுரங்கத்தைப் பத்திரமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். கதை முடிந்தது! முதலாளியின் மனமாற்றத்தை நம்பி நாமும்தான் எத்தனை மகஜர்கள் எழுதியிருக்கிறோம். எத்தனை வாக்குறுதிகளை வாங்கி மடித்து வைத்திருக்கிறோம்! எந்த மனமாற்றமாவது அடுத்த போனஸ் பேச்சுவார்த்தை வரை நீடித்ததுண்டா?

இத்தனைக்கும், இந்த வாலிபர்களின் அதே க்ளீவ்லண்ட் நகரத்தில் வேறொரு பதில் கண்ணெதிரே கிடந்தது. 1936 டிசம்பர் 28ந் தேதி, அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார் பாடி கட்டும் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் மெஷினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். இரண்டு நாளில் பிளின்ட் நகரத்துத் தொழிற்சாலைகளில் நெருப்புப் பற்றியது. கடும் குளிரில் 44 நாட்கள் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து, போலீசின் கண்ணீர்ப்புகையைத் தாங்கி, 1937 பிப்ரவரி 11ந் தேதி சங்கத்தை அங்கீகரிக்கும்படி உலகத்தின் மாபெரும் கார் கம்பெனியைப் பணிய வைத்தார்கள்.

அவர்களில் எவனும் பறக்கவில்லை. எவனுக்கும் குண்டு துளைக்காத மார்பு கிடையாது. ஒரே நகரம் ஒரே காலத்தில் உலகத்துக்கு இரண்டு பதில்களைக் கொடுத்தது. ஒன்று: காப்பாற்ற ஒருவன் வருவான். இன்னொன்று: உட்கார், எழுந்திருக்காதே, பக்கத்தில் இருப்பவன் கையை விடாதே. முதல் பதிலைக் கோடிக்கணக்கான டாலர் செலவில் உலகம் முழுவதும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். இரண்டாவது பதிலுக்குக் கொட்டகை கிடைப்பதில்லை. ஏன் என்பதை விளக்க வேண்டுமா?

நம் கேள்வி, வில்லன் வாயில்

இந்தக் காலத்துப் படங்களுக்கு வருவோம். இவற்றை எடுப்பவர்கள் முட்டாள்கள் அல்ல. ஜனங்கள் கொதிப்பில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் கொதிப்பைக் காட்டாமல் படம் ஓடாது. அதற்கு வழி காட்டினாலோ கம்பெனிக்கே ஆபத்து. ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். நியாயமான கேள்வியை வில்லன் வாயில் போடுகிறார்கள். பிறகு அவன் கையில் ஒரு வெடிகுண்டைக் கொடுத்துவிடுகிறார்கள். கேள்வியும் குண்டும் ஒன்றுதான் என்று பார்ப்பவன் நினைத்துக்கொண்டு போகிறான்.

2012ல் வந்த பேட்மேன் படம் 'தி டார்க் நைட் ரைஸஸ்'. அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரில்தான் நியூயார்க்கின் வால் தெரு அருகே வாலிபர்கள் கூடாரம் அடித்து, நூற்றில் ஒருவனுக்காக நடக்கும் ராஜ்யத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். படத்தில் என்ன வருகிறது? பேன் என்னும் முகமூடி வில்லன் பங்கு மார்க்கெட்டைத் தாக்குகிறான். நகரத்தை ஜனங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று முழங்குகிறான். பணக்காரர் மாளிகைகள் சூறையாடப்படுகின்றன. பைத்தியக்காரன் ஒருவன் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்து தண்டனை கொடுக்கிறான். அதுதான் ஜனங்களின் கோர்ட்டாம்! கடைசியில் பார்த்தால் வில்லனின் திட்டமே நகரத்தை அணுகுண்டால் அழிப்பதுதான். காப்பாற்றுவது யார்? கோடீசுவரன் புரூஸ் வெய்னும், அணிவகுத்து வரும் போலீஸ் பட்டாளமும். படம் எடுத்தவரைக் கேட்டால், இதில் அரசியலே கிடையாது என்பார். பசித்தவன் சோறு கேட்டால் அரசியல். கோடீசுவரன் ராஜ்யத்தைக் காப்பாற்றினால் பொழுதுபோக்கு!

2018ல் வந்த 'பிளாக் பேந்தர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் பலம் பெரிது. வெள்ளைக்காரனுக்கு அடிமைப்படாத ஓர் ஆப்பிரிக்க நாடு, விஞ்ஞானத்தில் உலகத்துக்கே முன்னால் நிற்பதைக் காட்டியது. கறுப்பு மக்கள் தலைநிமிர்ந்து கொட்டகையிலிருந்து வெளியே வந்தார்கள். அதை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால், உலகெங்கும் நசுக்கப்படும் கறுப்பு மக்களுக்கு நம் பலத்தைக் கொடுக்க வேண்டாமா என்று கேட்கிறவனை யாராக்கினார்கள்? ரத்தவெறி பிடித்த வில்லனாக! அவன் அனுப்பும் ஆயுத விமானங்களைச் சுட்டு வீழ்த்துவது யார்? அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.யின் ஆள்! ஆப்பிரிக்காவில் சி.ஐ.ஏ. செய்த காரியங்களைக் கொஞ்சமாவது அறிந்தவன் சிரிப்பதா, அழுவதா? முடிவில் ராஜா மனமிரங்கி அமெரிக்க நகரம் ஒன்றில் கட்டிடம் வாங்கித் தர்ம ஸ்தாபனம் ஆரம்பிக்கிறார். விடுதலையைக் கேட்டால் தருமம் கிடைக்கிறது.

2008ல் வந்த 'அயர்ன்மேன்' படத்தின் நாயகன் ஓர் ஆயுத முதலாளி. தன் கம்பெனியின் ஆயுதங்கள் இரு தரப்புக்கும் போவதை ஆப்கானிஸ்தானத்தில் நேரில் கண்டு, ஆயுத உற்பத்தியையே நிறுத்துவதாகச் சொல்கிறான். நல்ல ஆரம்பம்! ஆனால் அடுத்து என்ன? தானே ஓர் ஆயுதமாகி அதே நாட்டில் போய் இறங்குகிறான். யுத்த வியாபாரத்துக்குக் காரணம் முறையல்ல, ஒரு கெட்ட கூட்டாளிதான் என்று முடித்துவிடுகிறார்கள். இந்தப் படத்துக்கு அமெரிக்க யுத்த இலாகா ஒத்துழைப்புக் கொடுத்தது. அதன் விமானத் தளத்தில் படப்பிடிப்பு நடந்தது. யுத்தத்தை மெய்யாகவே தோலுரிக்கும் படத்துக்கு யுத்த இலாகா தன் விமானத் தளத்தைத் திறந்து விடுமா?

இரண்டு கப்பல்களும் வெடிக்கவில்லை

ஆனாலும் தராசின் மறு தட்டை மறைப்பது நம் வழக்கமல்ல. கலைஞனின் கை சில சமயம் முதலாளியின் கணக்கை மீறிவிடும்.

2008ல் வந்த 'தி டார்க் நைட்' படத்தில் ஒரு காட்சி. ஜோக்கர் என்னும் வில்லன் இரண்டு கப்பல்களில் வெடிமருந்து வைத்துவிடுகிறான். ஒன்றில் சாதாரண ஜனங்கள். இன்னொன்றில் சிறைக் கைதிகள். அடுத்த கப்பலை வெடிக்கச் செய்யும் கருவி ஒவ்வொரு கப்பலிலும் இருக்கிறது. நள்ளிரவுக்குள் நீ அவனைக் கொல்லாவிட்டால் இரண்டு பேரையும் நான் கொல்வேன் என்கிறான். ஜனங்கள் ஓட்டெடுக்கிறார்கள். வெடித்துவிடலாம் என்றே பெரும்பான்மை சொல்கிறது. ஆனால் பொத்தானை அழுத்த ஒரு கையும் துணியவில்லை. அந்தப் பக்கம், உலகம் வெறுக்கும் ஒரு கைதி எழுந்து, கருவியை வாங்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரில் எறிந்துவிடுகிறான்.

தோழர்களே, அந்தக் கருவியை நமக்குத் தெரியாதா? நிரந்தரத் தொழிலாளி கையில் ஒன்று, காண்டிராக்ட் தொழிலாளி கையில் ஒன்று. உள்ளூர்க்காரன் கையில் ஒன்று, வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன் கையில் ஒன்று. இந்த ஜாதி கையில் ஒன்று, அந்த ஜாதி கையில் ஒன்று. நீ அவனை அழி, இல்லாவிட்டால் நீ அழிவாய் என்று முதலாளியும் மிராசுதாரும் நம் காதில் ஓதுவதும் அதுதான். அந்தக் கருவியைத் தண்ணீரில் எறிவதற்குத்தான் சங்கம். அந்த இரண்டு கப்பல்களிலும் பொத்தானை அழுத்தவிடாமல் செய்தது பேட்மேன் அல்ல. ஜனங்களே தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் சத்தியமான இடம் அதுதான்.

அதே படத்தில் இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. வில்லனைப் பிடிப்பதற்காக நகரத்தின் அத்தனை டெலிபோன்களையும் பேட்மேன் ஒட்டுக்கேட்கிறான். இது தவறு என்று அவனுடைய நண்பரே சொல்கிறார். இந்த ஒரு தடவை மட்டும் என்று சமாதானம் சொல்லி, வேலை முடிந்ததும் கருவியை அழித்துவிடுகிறார்கள். சினிமாவில் அழித்துவிடுகிறார்கள்! எந்தச் சர்க்கார் கையில் கிடைத்த அதிகாரத்தைக் காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்திருக்கிறது?

2019ல் வந்த 'ஜோக்கர்' படத்திலும் இந்த இரட்டைத் தன்மையைக் காணலாம். வேஷம் கட்டிப் பிழைக்கும் ஒரு கூலிக்காரன். சர்க்கார் செலவைக் குறைத்ததால் அவனுக்கு ஆலோசனையும் மருந்தும் நின்றுபோகின்றன. அடிமேல் அடி வாங்கி அவன் கொலைகாரன் ஆகிறான். பைத்தியம் பிறவியில் வருவதில்லை, பட்ஜெட்டிலும் உற்பத்தியாகிறது என்று அந்தப் படம் துணிந்து காட்டியது. அது அதன் பலம். ஆனால் தெருவுக்கு வரும் ஜனங்களை என்னவாகக் காட்டியது? கோமாளி முகமூடி போட்ட கும்பலாக! அவர்களுக்குக் கோரிக்கை கிடையாது, கூட்டம் கிடையாது, தலைமை கிடையாது, நாளைக் காலையில் என்ன செய்வது என்ற யோசனையும் கிடையாது. ஏழைக்கு முன்னால் இரண்டே வழிகள், மிதிபடு அல்லது தீ வை என்பது முதலாளி வர்க்கம் காணும் கெட்ட கனவு. அது நம் சரித்திரம் அல்ல.

அச்சத்துக்கு என்ன கூலி?

இனி திகில் படங்கள். இவற்றில் ஆள் பறப்பதில்லை. ஆகவே உண்மைக்கு இடம் சற்று அதிகம்.

1953ல் பிரான்சில் ஆன்ரி ஜார்ஜ் க்ளூசோ எடுத்த 'அச்சத்தின் கூலி' என்ற படத்தை ஒவ்வொரு தொழிலாளியும் பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவில் வேலையற்றுக் கிடக்கும் மனிதர்கள் நிறைந்த ஓர் ஊர். அங்கே அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி வைத்ததுதான் சட்டம். சுமார் 300 மைலுக்கு அப்பால் எண்ணெய்க் கிணறு தீப்பிடிக்கிறது. தீயை அணைக்க நைட்ரோகிளிசரின் என்னும் வெடிமருந்து வேண்டும். லாரி கொஞ்சம் குலுங்கினாலும் ஆள் தூள். பாதுகாப்பான லாரி கிடையாது. கம்பெனி அதிகாரி என்ன செய்கிறான்? சங்கத்தில் சேர்ந்த தொழிலாளியை இதற்கு அனுப்ப முடியாது, கேள்வி வரும் என்று கணக்குப் போடுகிறான். சங்கமும் குடும்பமும் இல்லாத நாடோடிகளைக் கூப்பிடுகிறான். ஆளுக்கு 2000 டாலர். நான்கு பேர், இரண்டு லாரிகள்.

பள்ளம் ஒவ்வொன்றிலும் நம் நெஞ்சு நின்று நின்று அடிக்கிறது. ஆனால் அந்தத் திகில் பேயால் வந்ததல்ல, வில்லனால் வந்ததல்ல, கூலியால் வந்தது. லாரி ஓட்டுகிறவர்களில் ஒருவனுக்குச் சிமெண்டுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. வீட்டில் இருந்தாலும் சாவுதான். பஞ்சுத் தூசியை விழுங்கி இருமும் தோழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான்கு பேரில் மூன்று பேர் வழியில் சாகிறார்கள். கூலி வாங்கிய நாலாமவனும் வீடு திரும்பும் ஆனந்தத்தில் லாரியோடு பள்ளத்தில் விழுகிறான். கம்பெனிக்குக் கிணறு மிஞ்சியது. அமெரிக்காவில் இந்தப் படத்தைத் திரையிட்டபோது, தங்களுக்கு விரோதமானவை என்று தோன்றிய காட்சிகளை வெட்டிவிட்டார்கள். கத்திரி எங்கே விழுந்ததோ அங்கேதான் உண்மை இருந்தது.

இதற்கும் குறை உண்டு. நான்கு பேரும் கடைசி வரை நான்கு தனி ஆட்களாகவே இருக்கிறார்கள். நோயைக் காட்டும் படம் மருந்தைக் காட்டவில்லை. ஆனால் பொய் மருந்தைக் கொடுக்காமல் விட்டதே, அது நேர்மை. சங்கம் இல்லாதவனுக்கு என்ன நேரும் என்று அது சொல்லிவிட்டது. மீதியைச் சொல்வது நம் வேலை.

1969ல் கோஸ்டா காவ்ரஸ் எடுத்த 'இசட்' படம் இன்னொரு படி மேலே போயிற்று. 1963ல் கிரீஸ் நாட்டில் சமாதானத்துக்காகப் பாடுபட்ட இடதுசாரிப் பார்லிமெண்ட் மெம்பர் லாம்ப்ராகிஸ் கொல்லப்பட்டார். விபத்து என்று மூடப் பார்த்தார்கள். நேர்மையான ஒரு மாஜிஸ்திரேட் முடிச்சு முடிச்சாக அவிழ்த்துப் போலீஸ் மேலதிகாரிகள் வரை போய்விடுகிறார். சாதாரணத் திகில் படம் இங்கே சுபம் போட்டிருக்கும். இந்தப் படம் போடவில்லை. பிறகு என்ன நடந்தது என்றும் சொல்கிறது: சாட்சிகள் மறைந்தார்கள், குற்றவாளிகள் தப்பினார்கள், ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1967ல் கிரீஸில் நடந்ததும் அதுதான். ஒரு நல்ல அதிகாரி உண்மையைக் கண்டுபிடிக்கலாம். அதைக் காப்பாற்ற அவர் ஒருவர் போதாது என்று கோடிக்கணக்கான ஜனங்களுக்குப் புரியவைத்த படம் இது. திகில் படத்தின் உச்ச பலம் இதுதான்.

வீரனைச் செய்கிறவன் என்ன செய்தான்?

கடைசியாக ஒரு சாட்சி. இந்தப் பறக்கும் வீரர்களை உற்பத்தி செய்யும் தொழிலாளர்களையே கூப்பிடுவோம். தங்களுக்குக் கஷ்டம் வந்தபோது அவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள்?

2023 மே 2ந் தேதி அமெரிக்க சினிமா, டெலிவிஷன் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 11,500 பேர். கூலி வேண்டும், எங்கள் எழுத்தை மெஷினுக்குத் தீனியாக்கி எங்களைத் துரத்தக் கூடாது என்பவை அவர்களது கோரிக்கைகள். 148 நாட்கள் நின்றார்கள். ஜூலையில் நடிகர்களும் மறியலுக்கு வந்தார்கள். அவர்கள் 118 நாட்கள் நின்றார்கள். திரையில் உலகத்தைக் காப்பாற்றும் நட்சத்திரங்கள் வெயிலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

வீரனைப் பறக்க வைப்பது யார்? கம்ப்யூட்டருக்கு முன்னால் இரவு பகலாக உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகச் சரிசெய்யும் கண்காட்சித் தொழிலாளி. அவனுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. 2023 செப்டம்பரில் மார்வெல் கம்பெனியில் இந்த வேலை செய்யும் தொழிலாளர்கள் ஓட்டெடுத்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்காக நடந்த அந்த ஓட்டெடுப்பில், சங்கம் வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. எதிர்த்து ஓர் ஓட்டுக்கூட இல்லை!

பார்த்தீர்களா? சூப்பர் ஹீரோவைத் தினமும் கையால் செய்கிறவனுக்கு, சூப்பர் ஹீரோ வரமாட்டான் என்று தெரியும். தான் செய்யும் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்பது தொழிலாளிக்குத் தெரியாதா?

நமக்கும் இது தெரிந்த பாடம்தான். தஞ்சை வயல்களில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலத்தில் வானத்திலிருந்து எவனும் இறங்கவில்லை. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேற்றில் நடந்து சேரி சேரியாகப் போனார்கள். நேற்று வரை நிமிர்ந்து பார்க்கப் பயந்தவன் செங்கொடியின் கீழ் நிமிர்ந்தான். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியபோதும் வானம் சும்மாதான் இருந்தது. அந்தச் சாம்பலிலிருந்து மறுபடி கொடியைத் தூக்கியவர்கள் அதே ஊர் ஜனங்கள்தான். முகமூடியில்லாத, பெயர் தெரிந்த, கூலிக்கு நாற்று நடும் ஜனங்கள்.

ஆகவே தோழர்களே, படத்தைப் பாருங்கள். களைத்த உடம்புக்கு ஒரு சிரிப்பு, ஒரு கைதட்டல் வேண்டும். அது யார் வீட்டுச் சொத்தும் அல்ல, நம் உரிமை. ஆனால் பார்த்துவிட்டுத் தனியாகப் போய்ப் படுத்துக்கொள்ளாதீர்கள். சங்க ஆபீசில் கூடிப் பேசுங்கள். 'அச்சத்தின் கூலி'யை ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்துச் சுவரில் போட்டுக் காட்டுங்கள். காரணம் யார், தீர்த்தது யார், சொத்து யார் கையில் என்ற மூன்று கேள்விகளையும் வாலிபர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். அதிலிருந்து ஒரு புதிய சங்க மெம்பர் கிடைத்தால், அந்தப் படத்துக்கு நாம் கொடுத்த காசு வீண் போகவில்லை.

திரையில் வீரன் பறக்கட்டும். மில் கேட்டுக்கு முன்னால் நடப்பதற்குக் கால்கள் நம்முடையவை. ஒரு ஜோடிக் கால்கள் போதாது. அத்தனை ஜோடியும் வேண்டும்!